எலுமிச்சை டிரம்மின் ஆறு ஓட்டைகள்

அன்பு மகள் உச்சாணிக்கு உன் அப்பா எழுதுவது,

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அம்மாவின் வலது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று வேண்டுமென்றேதான் எழுதினேன், இருக்கிறாயா என்று கேட்டுவிட்டால் நீ பதில் சொல்ல வேண்டும், பதில் வரத் தாமதமானால் எனக்குக் கை பரபரக்கும், அப்புறம் என்ன நடக்கும் என்பது உனக்கும் தெரியும், உன் துறைமுக அலுவலகத்துக்கும் தெரியும். "இனிமே நானே கூப்பிடறேன்பா, நீங்க கூப்பிடாதீங்க" என்று நீ சொல்லி இன்றோடு இருபத்துநான்கு நாள் ஆகிறது. நான் கூப்பிடவில்லை. நீ அம்மாவிடம் பேசும்போது பக்கத்து அறையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன், நீ போனை வைக்கும்வரை ஒரே பக்கத்தைத்தான். இது கோபத்தில் எழுதும் கடிதம் இல்லை. உன்னிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், போனில் ஆரம்பித்தால் நான் பாதியிலேயே மழுப்பிவிடுவேன், பேப்பரில் எழுதினால் மழுப்ப இடமில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. நீ அம்மாவுக்கு அனுப்பிய போட்டோவை நான் பெரிதாகப் பிரின்ட் போட்டுச் சட்டம் மாட்டி முன் அறையில் வைத்துவிட்டேன். ஆரஞ்சு நிற ஹெல்மெட், உன் காலுக்குக் கீழே கிரேன் கூண்டின் கண்ணாடித் தரை, அதற்கும் கீழே தீப்பெட்டி அடுக்கின மாதிரி கப்பல் பெட்டிகள். கீழ்வீட்டு டெய்லர் அதைப் பார்த்துவிட்டு "இவ்வளவு உசரத்துல பொம்பளைப் பிள்ளையா" என்று கேட்டார். பொம்பளைப் பிள்ளை இல்லை, என் பிள்ளை என்றேன். இப்போதெல்லாம் தெருவில் யாராவது சும்மா அண்ணாந்து பார்த்தால்கூட என் மகள் இதைவிட உயரத்தில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறாள் என்று ஆரம்பித்துவிடுகிறேன், சலூன்காரர் என்னைக் கண்டாலே நாற்காலியில் உட்கார்த்தி வாயை மூடத் துணியைக் கட்டிவிடுகிறார். சின்ன வயதில் தண்ணீர்த் தொட்டி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தாயே, அப்போது உனக்கு உச்சாணி என்று பேர் வைத்தவன் நான், அந்தப் பெருமையையும் எனக்கே எழுதிக்கொள்கிறேன். என் வேலைக்கு வந்திருக்கிற புது ஆள் போன வாரம் வீட்டுக்கே வந்து, மருந்துக்கடை முக்கில் மண்ணுக்குள் போன வால்வு எங்கே இருக்கிறது என்று கேட்டார். நான் கூடப் போய்க் குதிகாலால் தரையைத் தட்டிக் காட்டினேன், தோண்டினார்கள், அங்கேதான் இருந்தது. முப்பத்துநான்கு வருடம் இந்தத் தெருக்களுக்கு வால்வு திறந்துவிட்டவன், தண்ணீர் வரவில்லை என்று என் பகுதியிலிருந்து ஒரு புகார் போனதில்லை. இதை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், இன்றைக்கு ஒரு காரணத்துக்காகத்தான் மறுபடியும் சொல்கிறேன்.

காரணம் உன் எலுமிச்சை. பத்தாம் வகுப்பில் பெயின்ட் டப்பாவில் விதை போட்டு, பிறகு நீல டிரம்மைப் பாதியாக அறுத்து அதில் மாற்றி நட்டாயே, அதே மரம்தான். இத்தனை வருடம் முள்ளும் இலையுமாக நின்று நம்மைக் கேலி செய்தது, நீ வேலைக்குப் போன ஐந்தாவது மாதம் பூத்தது. பூத்துக் கொட்டியது போக ஒன்பது காய் நின்றது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கினேன், நீ விடுமுறைக்கு வரும்போது மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சட்டென்று காட்ட வேண்டும் என்று ஆசை. தினமும் எண்ணுவேன். எண்ணிவிட்டுத் தண்ணீர் ஊற்றுவேன். காலை ஐந்தரைக்கு ஒரு தடவை, மாலை ஐந்தரைக்கு ஒரு தடவை, தெருவுக்கு விட்ட அதே நேரம், அதில் ஒரு நிமிடம் பிசகமாட்டேன் என்று உனக்குத்தான் தெரியுமே.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன், சிரிக்காமல் படி. ஒருநாள் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது சொட்டுச் சத்தம் கேட்டது. தரைக்குள் ஆறடி ஆழத்தில் குழாய் கசிந்தால் இரும்புக் கம்பியை ஊன்றிக் காதை வைத்து இடத்தைச் சொல்கிறவன் நான், என் காலடியிலேயே, என் வீட்டு மாடியிலேயே சொட்டினால் விடுவேனா. குனிந்து பார்த்தேன், டிரம்மின் அடியிலிருந்து ஊற்றிய தண்ணீரில் பாதி ஒழுகி வீணாக ஓடுகிறது. அந்த ஓட்டைகள் நீ பழுக்கக் காய்ச்சிய திருப்புளியால் போட்டவை என்பது எனக்கு மறந்துபோகவில்லை, நீ போடும்போது டிரம்மைப் பிடித்துக்கொண்டதே நான்தான். ஆனாலும் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என் உடம்புக்குப் பழக்கமில்லை மகளே. குழாய் வெடிப்புக்கு வைக்கும் பசையைப் பிசைந்துகொண்டு, செங்கல் மேல் நின்ற டிரம்முக்கு அடியில் கார் மெக்கானிக் மாதிரி மல்லாந்து படுத்து, ஆறு ஓட்டையையும் அடைத்தேன். அடைத்து முடித்து எழுந்தபோது எனக்கு எவ்வளவு திருப்தியாக இருந்தது என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அதே கையோடு மற்றத் தொட்டிகள் எட்டையும் அடைத்தேன்.

அடுத்து ஒரு வாரம் மழை. பிறகு அடி இலைகள் மஞ்சளாயின. இலை என்றால் பழுக்கத்தானே செய்யும் என்று விட்டேன். அப்புறம் மத்தியானத்தில் கொழுந்தெல்லாம் துவண்டு தொங்க ஆரம்பித்தது, வாடினால் தாகம் என்றுதானே நினைப்போம், ஐயோ பிள்ளைக்குத் தண்ணீர் போதவில்லை என்று மத்தியானமும் ஒரு வாளி சேர்த்து ஊற்றினேன். மண் ஈரமாக இருக்கிறது, இலை வாடுகிறது, இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் அது தாகம் இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. வேர் அழுகிப்போனால் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும் மரத்தால் ஒரு வாய் குடிக்க முடியாதாம், அதனால்தான் தண்ணீருக்குள் நின்றுகொண்டே காய்ந்திருக்கிறது. மண்ணின் மேல் கொசு மாதிரி குட்டிக் குட்டிப் பூச்சி பறந்தது, கிளறினால் புளித்த வாடை வந்தது, அடித்தண்டு கறுத்துக்கொண்டே வந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை. அம்மா முழங்காலோடு மாடி ஏறமாட்டாள் என்கிற தைரியம். கீழே இறங்கி வந்து உனக்குப் போன் போடுவேன். மரத்தைப் பற்றிச் சொல்லத்தான் போடுவேன், உன் குரலைக் கேட்டதும் வாய் வராது, சாப்பிட்டியா, தூங்கினியா, காற்று அதிகமா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அரை மணி கழித்து மறுபடியும் போடுவேன். காய்கள் சுருங்கின அன்றைக்குச் சொல்லியே தீர்வது என்று கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை, நான்கு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை, அலுவலக எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டுவிட்டேன். நீ கோபப்பட்டது நியாயம். இருபத்தாறு வயதில் நாற்பது பேர் வேலை செய்கிற இடத்தில் "உங்க அப்பா கூப்பிட்டார், சாப்பிட்டீங்களான்னு கேக்கச் சொன்னார்" என்று மைக்கில் கேட்டால் யாருக்குத்தான் தாங்கும்.

நீ கோபப்பட்டுப் பேசி ஐந்தாவது நாள் இலை பாதி கொட்டிவிட்டது. இனி மறைக்க முடியாது என்று அம்மாவிடம் போய் நின்றேன். அவள் அப்போதுதான் ஆஸ்பத்திரி டியூட்டியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். படிக்குப் படி உட்கார்ந்து உட்கார்ந்து மாடி ஏறினாள். டிரம் பக்கத்தில் போய் மண்ணில் விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தாள். இருபத்தேழு வருடமாகப் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறையில் நிற்கிறவள், அந்த மூக்கை ஏமாற்ற முடியாது. "இது அழுகலுங்க, வெட்டணும்" என்றாள். டெய்லரைக் கூப்பிட்டோம், மூன்று பேரும் டிரம்மைச் சாய்த்தோம், தண்டைப் பிடித்து இழுத்ததும் மரம் சேற்றோடு வழுக்கிக்கொண்டு வந்தது, கூடவே ஒரு குடம் கறுப்புத் தண்ணீரும். அப்போதுதான் அவள் டிரம்மின் அடியைப் பார்த்தாள். ஆறு பசை உருண்டை, என் கட்டைவிரல் ரேகையோடு. "இது என்ன" என்று கேட்டாள். கசிந்தது, அடைத்தேன் என்றேன். டெய்லர் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும், அவளோ டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முழங்கால் வலியையும் மறந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

அதற்கப்புறம் அவள் வேலை செய்ததை நீ பார்த்திருக்க வேண்டும் உச்சாணி. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் தொழில் செய்வதை நான் பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை, கையைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வருகிறவளைத்தான் எனக்குத் தெரியும். வேரைத் தண்ணீரில் மெல்ல அலசி மண்ணெல்லாம் போக்கினாள். நல்ல வேர் வெளுப்பாக, பிடித்தால் விறைப்பாக இருக்கிறது. அழுகின வேர் பழுப்பாக, இரண்டு விரலால் இழுத்தால் சட்டைக்கை கழன்று வருகிற மாதிரி தோல் மட்டும் கையோடு வந்து உள்ளே நூல்தான் மிஞ்சுகிறது. ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, அழுகின இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே, வெளுப்பு தெரிகிற இடத்தில் வெட்டினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் கத்தரியை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தாள், இல்லாவிட்டால் அழுகலை நாமே நல்ல வேருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்போமாம். நடுவில் அவளுடைய கத்தரி மழுங்கிவிட்டது என்று டெய்லரிடம் அவருடையதைக் கேட்டோம், கழுத்தை வேண்டுமானால் தருகிறேன், கத்தரியைத் தரமாட்டேன் என்றார். மழுங்கினதையே கல்லில் தீட்டி வெட்டி முடித்தாள். மூன்றில் இரண்டு பங்கு வேர் போய்விட்டது.

"இருக்கிற வேரு இவ்வளவு தலையைத் தாங்காது, கிளையையும் குறைக்கணும், காயையும் எடுக்கணும்" என்றாள். கிளைக்குச் சரி என்றேன். காய் வேண்டாம் என்றேன். ஒன்றாவது இருக்கட்டும், உச்சாணிக்குக் காட்ட வேண்டும் என்று கெஞ்சினேன். அவள் கத்தரியை என் கையில் கொடுத்துவிட்டாள். காய் வேண்டுமா மரம் வேண்டுமா என்று நீங்களே முடிவு பண்ணுங்கள் என்று அர்த்தம். ஒன்பதையும் நானே வெட்டினேன். ஒவ்வொன்றும் கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிது. எண்ணி எண்ணித் துணியில் போட்டேன், எண்ணுவதற்கு அதுதான் கடைசி நாள் என்பதால்.

டிரம்மைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்தோம். பழைய மண்ணை வேறு எந்தச் செடிக்கும் போடக் கூடாது என்றாள், மூட்டை கட்டி வெளியேற்றினோம். குறைந்துபோன வேருக்கு அவ்வளவு பெரிய டிரம் ஆகாதாம், மண் அதிகமானால் ஈரமும் அதிக நாள் நிற்குமாம், அதனால் சின்னத் தொட்டி ஒன்று பிடித்தோம். செடி விற்கிறவரிடம் போய்ப் பூஞ்சைக்குப் போடும் பொடி வாங்கி அவர் சொன்ன அளவில் கரைத்து வேரை நனைத்தோம், அவரிடம் பசை விஷயத்தைச் சொல்லவில்லை. மண்ணோடு பருமணலும் தென்னை நாரும் மட்கிய குப்பையும் கலந்து, தண்டு முன்பு எந்த அளவுக்கு வெளியே தெரிந்ததோ அதே அளவு தெரிகிற மாதிரி நட்டு, நிழலில் வைத்தோம். உரம் கூடவே கூடாது, காய்ச்சல்காரனுக்கு விருந்து போடுவீங்களா என்றாள். தொட்டியின் அடியில் ஓட்டை போடும் வேலை மட்டும் எனக்கு. நடுவதற்கு முன்னாலேயே திருப்புளியைக் காய்ச்சி எட்டுப் போட்டேன், நீ போட்டதைவிட இரண்டு அதிகம், அபராதம் என்று வைத்துக்கொள். அப்புறம் மற்ற எட்டுத் தொட்டியையும் ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பசையைச் சுரண்டினேன். அம்மாவின் ரோஜா போய்விட்டது, இரண்டு தக்காளிச் செடியும் போய்விட்டது, மீதி ஐந்தும் பிழைத்தன. ரோஜாவுக்கு அவள் இன்னும் என்னை மன்னிக்கவில்லை, முழங்காலுக்குத் தைலம் தேய்த்து அந்தக் கடனைக் கழித்துக்கொண்டிருக்கிறேன்.

வேரை அலசும்போது அவள் ஒன்று சொன்னாள். "வேருக்கும் மூச்சு வேணுங்க. நீங்க பாட்டுக்குத் தண்ணி குடுத்துக்கிட்டே இருந்தா அது எப்ப மூச்சு விடும்?" நீ செடியைத்தானே சொல்கிறாய் என்று கேட்டேன். "நான் செடியைத்தான் சொன்னேன், உங்களுக்கு என்ன கேட்டுச்சு?" என்றாள். எனக்குக் கேட்டது கேட்டதுதான். அலசின தண்ணீரை ஊற்றிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய் மாடியின் அந்தக் கோடியில் கொஞ்ச நேரம் நின்றேன்.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள். தண்ணீர் எப்போது ஊற்றுவது என்பதைக் கடிகாரம் சொல்லாது, மண்தான் சொல்லும். ஒரு குச்சியை ஆழமாகக் குத்தி எடுக்கிறேன், மண் ஒட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்கு வேலை இல்லை, காய்ந்து வந்தால் ஊற்றுகிறேன், அடியில் ஒழுகுகிற வரைக்கும் ஊற்றுகிறேன், ஒழுகினதைத் தட்டில் தேங்க விடாமல் கொட்டிவிடுகிறேன். பத்தொன்பது நாளில் நான்கே தடவை ஊற்றியிருக்கிறேன். மற்ற நாளெல்லாம் காலை ஐந்தரைக்குக் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன், முப்பத்துநான்கு வருடத்தில் இதைவிடக் கஷ்டமான டியூட்டி நான் பார்த்ததில்லை. இன்றைக்குக் காலையில் நின்றபோது, வெட்டின கிளைக்குக் கீழே, முள்ளின் கக்கத்தில், அரிசி நுனி அளவுக்குப் பச்சையாக ஒன்று தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். துளிர்தான். அம்மாவைக் கூப்பிட்டேன், அவள் உட்காராமலே எல்லாப் படியும் ஏறி வந்தாள். கீழே வந்து இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அன்றைக்கு உன் அலுவலகத்துக்கு நான் கூப்பிட்டபோது எடுத்தவர் உன் ஷிப்ட் பொறுப்பாளர், நம் பேச்சுப் பேசுகிறவராகப் போனது என் அதிர்ஷ்டம். நான் உளறினதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் சொன்னார், "ஐயா, பதறாதீங்க. உங்க பொண்ணு மேல இருக்காங்க, பெட்டி இறக்கிட்டு இருக்காங்க. மத்தவங்க இறக்கும்போது நான் கடைசிப் பெட்டி வரைக்கும் நின்னு பார்ப்பேன். உங்க பொண்ணு இறக்கும்போது போய் ஒரு டீ குடிச்சிட்டு வருவேன்." இதை உன்னிடம் அன்றைக்கே சொல்ல நினைத்தேன், நீ கோபமாக இருந்தாய், உன் கோபத்துக்கு நடுவில் இதைச் சொன்னால் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைப்பாய். அதனால் இருபத்துநான்கு நாளாக எனக்குள்ளேயே வைத்திருக்கிறேன், சலூனில்கூடச் சொல்லவில்லை. அவர் உன்னை எட்டு மாதமாகத்தான் பார்க்கிறார், நான் இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறேன். அவருக்கு இருக்கிற தைரியம் எனக்கு இல்லாமல் போனதே என்று வெட்கமாகவும் இருந்தது, அப்படிப்பட்ட பெண்ணுக்கு அப்பன் என்று நெஞ்சு நிமிரவும் செய்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்குத் தெரியாது.

உனக்கு எந்தக் குறையும் வராமல், ஏறின உயரத்திலிருந்து பத்திரமாக இறங்கி இறங்கி, நீண்ட காலம் நன்றாக இரு. அம்மா உன் நெற்றியில் முத்தம் என்று எழுதச் சொன்னாள், கூடவே அவளுக்குப் புது ரோஜா நீதான் வாங்கித் தர வேண்டுமாம், என்னை நம்பமாட்டாளாம். ஒரு நினைவூட்டல், உன் அறை ஜன்னலில் தொட்டிச் செடி ஒன்று நீ அனுப்பின இன்னொரு போட்டோவில் தெரிந்தது, அதன் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று ஒரு தடவை கவிழ்த்துப் பார்த்துக்கொள். பார்த்துவிட்டு எனக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது பேசு. நான் கூப்பிடமாட்டேன். நீ மேலே இருக்கும் நேரத்தில் இனி நானும் போய் ஒரு டீ குடிக்கிறேன்.

இப்படிக்கு,
முப்பத்துநான்கு வருடத்தில் ஒரு புகாரும் வாங்காமல், ஓய்வு பெற்ற பிறகு ஓர் எலுமிச்சை மரத்திடம் வாங்கிக்கொண்ட
உன் அப்பா